நீட் மார்க் குறைந்துவிட்டதா? ரிசல்ட் வந்த நாளிலிருந்து என்ன செய்வது

2024 ஜூன் 4ஆம் தேதி சாயங்காலம் என் மகளுக்கு 438 வந்தது. பி.சி. பிரிவு, திண்டுக்கல் பக்கம், குடும்பத்தில் யாரும் டாக்டர் கிடையாது. 720க்கு 438 என்றதும் எனக்குப் பெரிய கவலை வரவில்லை, அறுபது சதவீதம் வந்திருக்கிறதே, எங்காவது ஒரு தனியார் கல்லூரியிலாவது அரசு ஒதுக்கீட்டில் கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன். எதிர்வீட்டுக்காரர் தன் அக்கா மகனுக்கு முன்னொரு வருஷம் 430லேயே பி.டி.எஸ். (பல் மருத்துவம்) கிடைத்தது என்று வேறு சொன்னார். அந்த ஒரு பேச்சை நம்பி உட்கார்ந்திருந்ததில் அந்த ஆண்டே போயிற்று. மூன்று சுற்று கவுன்சிலிங் முடிந்தும் கையில் எதுவும் விழவில்லை, அதற்குள் மற்ற படிப்புகளுக்கான விண்ணப்பத் தேதியும் தாண்டிவிட்டது.

அடுத்த ஆண்டு மறுபடி எழுதினாள். 421. அதாவது 17 மார்க் குறைவு. ஆனால் இந்த முறை பி.டி.எஸ். சேர்ந்துவிட்டாள். மார்க் குறைந்தும் இடம் கிடைத்தது எப்படி என்பது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி காகிதம், பணம், தேதி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. முதலில் மார்க்கை மூடி வைத்துவிட்டு ரேங்க்கைப் பாருங்கள்

ஸ்கோர் கார்டில் எல்லார் கண்ணும் போவது 720க்கு எவ்வளவு என்ற இடத்துக்கு. உங்களுக்கு வேண்டியது அதற்குக் கீழே இருக்கும் அகில இந்திய ரேங்க். காரணம், வினாத்தாள் ஒவ்வொரு ஆண்டும் ஒரே கடினத்தில் இருப்பதில்லை. 2024இல் தாள் சுலபம், முதலில் வந்த முடிவில் 67 பேர் 720க்கு 720, திருத்திய முடிவில்கூட 17 பேர். 2025இல் இயற்பியல் பிழிந்து எடுத்துவிட்டது, நாட்டிலேயே முதல் மார்க் 686தான், 650க்கு மேல் எடுத்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 2023இல் 137, 2024இல் 162, 2025இல் 144. ஒரே மார்க் ஒரு வருஷம் குப்பை, இன்னொரு வருஷம் பரவாயில்லை.

என் மகளுக்கு 438 வந்த ஆண்டில் ரேங்க் 3 லட்சத்தைத் தாண்டியது. 421 வந்த ஆண்டில் 2 லட்சத்தை ஒட்டி நின்றது. எனவே எதிர்வீட்டு அக்கா மகன் எந்த ஆண்டு எழுதினான் என்று கேட்காமல் அவன் மார்க்கைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். நான் செய்த முதல் தப்பு அது.

2. 'குவாலிஃபைட்' என்ற சொல்லை நம்பி இனிப்பு வாங்காதீர்கள்

தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. பொதுப் பிரிவில் 50ஆவது பெர்சன்டைல் (எழுதியவர்களில் பாதிப் பேரைத் தாண்டிய நிலை), ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40ஆவது பெர்சன்டைல் தொட்டாலே தகுதி. 2025இல் அது ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 113 மார்க் வரை இறங்கியது. நாடு முழுக்க 12 லட்சத்துக்கும் மேல் தகுதி பெற்றார்கள், எம்.பி.பி.எஸ். இடமோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 76 ஆயிரம் பேர் தகுதி. எனவே தகுதி என்பது வரிசையில் நிற்க டோக்கன், அவ்வளவுதான்.

ஆனால் அந்த டோக்கனும் சும்மா இல்லை. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி நான்குக்குமே நீட் தகுதி வேண்டும். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கப் போனாலும் வேண்டும். தகுதி இழந்தால் இந்தக் கதவுகள் மூடிவிடும், நீட் கேட்காத படிப்புகள்தான் மிச்சம் (அவை எவை என்று 6ஆவதில் சொல்கிறேன், அந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்).

3. நீங்கள் எத்தனை வரிசையில் நிற்கலாம் என்று எண்ணுங்கள்

மார்க் நிறைய இருப்பவருக்கு ஒரு வரிசையே போதும். குறைந்தவர்கள் உரிமை உள்ள எல்லா வரிசையிலும் நிற்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு உள்ளவை இவை.

அரசுக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீடு, அதை டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு, எம்.சி.சி. என்பார்கள், நடத்துகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழக (டீம்டு யுனிவர்சிட்டி) இடங்களும் அவர்கள் கையில்தான். மீதி 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு, இதைக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீடு, நிர்வாக ஒதுக்கீடு இரண்டும் இதே குழு வழியாகத்தான்.

மாநில இடங்களில் 69 சதவீத இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. மிச்சம் 31 சதவீதம் எல்லாருக்கும் பொது. உங்கள் போட்டி மாநிலத்தில் எழுதிய அத்தனை பேரோடும் அல்ல, பெரும்பாலும் உங்கள் பிரிவில் உங்களுக்கு முன்னால் நிற்பவர்களோடுதான்.

அப்புறம் 7.5 சதவீதம். 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020இலிருந்து இந்த உள் ஒதுக்கீடு இருக்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது, நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். இந்த வரிசையில் கட்-ஆஃப் பொது வரிசையைவிட நன்றாகவே கீழே இருக்கும், தனியார் கல்லூரி கிடைத்தாலும் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. எங்கள் தெருவிலேயே அரசுப் பள்ளியில் படித்த ஒரு பையன், மார்க் கம்மி, நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும் என்று விண்ணப்பமே போடவில்லை. இதைவிட வயிறு எரிகிற விஷயம் இல்லை. உங்கள் பக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விண்ணப்பம் போட வையுங்கள்.

4. போன ஆண்டு அலாட்மென்ட் பட்டியலை நீங்களே உட்கார்ந்து படியுங்கள்

யூடியூபில் இந்த மார்க்குக்கு இந்தக் காலேஜ் என்று சொல்கிறவர்களை விட்டுவிடுங்கள், பாதிப் பேர் ஏதாவது ஒரு ஏஜென்சிக்கு ஆள் பிடிக்கிறார்கள். தேர்வுக் குழு தன் இணையதளத்திலேயே தரவரிசைப் பட்டியலையும் ஒவ்வொரு சுற்றின் ஒதுக்கீட்டையும் போடுகிறது. பி.டி.எஃப்.தான், நூற்றுக்கணக்கான பக்கம், போனில் பார்த்தால் கண் போய்விடும். பிரவுசிங் சென்டரிலோ லேப்டாப்பிலோ பாருங்கள்.

பார்க்க வேண்டியது இப்படி. இந்த ஆண்டின் தரவரிசைப் பட்டியல் வந்ததும் உங்கள் பிள்ளையின் மாநிலப் பொது ரேங்க், பிரிவு ரேங்க் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போன ஆண்டு ஒதுக்கீட்டில் உங்கள் பிரிவில் கடைசியாக அரசு எம்.பி.பி.எஸ். வாங்கியவரின் பிரிவு ரேங்க் என்ன, தனியார் கல்லூரி அரசு ஒதுக்கீட்டில் கடைசி யார், அரசு பி.டி.எஸ்.ஸில் யார், தனியார் பி.டி.எஸ்.ஸில் யார் என்று நான்கு எண் எழுதுங்கள். முதல் சுற்றுக்குத் தனியாக, கடைசிச் சுற்றுக்குத் தனியாக. மார்க்கை ஒப்பிடாதீர்கள், ரேங்க்கை ஒப்பிடுங்கள், ஏனென்றால் இடங்களின் எண்ணிக்கை ஒரேயடியாக மாறாது, மார்க் மாறும்.

உங்கள் பிரிவு ரேங்க் அந்தக் கடைசி ரேங்க்குக்கு நன்றாக முன்னால் இருந்தால் நிம்மதி. கொஞ்சம் பின்னால் இருந்தால் பிந்தைய சுற்றுகளில் வாய்ப்பு உண்டு, காத்திருக்கலாம். இரண்டு மடங்கு பின்னால் இருந்தால் அந்த வகை இடத்தை மறந்துவிட்டு அடுத்த வகைக்குப் போங்கள். 2024இல் நான் இதை ஒரே ஒரு ராத்திரி செய்திருந்தால் ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும். இரண்டாவது முறை செய்தேன், நாலு எண்ணையும் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினேன், வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது.

ஒரே மார்க்கில் பலர் இருந்தால் உயிரியலில் யாருக்கு அதிகம் என்று முதலில் பார்ப்பார்கள், பிறகு வேதியியல், பிறகு இயற்பியல். ஒரு மார்க்கில் ஆயிரக்கணக்கானோர் நிற்கிற நடுப் பகுதியில் இது பெரிய வித்தியாசம் செய்யும்.

5. சான்றிதழ்கள்: ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

வழக்கமாகக் கேட்பவை: நீட் ஹால் டிக்கெட், ஸ்கோர் கார்டு, 10, 11, 12 மார்க் ஷீட்டுகள், மாற்றுச் சான்றிதழ், நிரந்தர சாதிச் சான்றிதழ், 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்ததற்கான சான்று, ஆதார், நீட்டுக்குக் கொடுத்த அதே போட்டோ. இடையில் வெளிமாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழும் பெற்றோரின் ஆவணங்களும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ். எஸ்.சி., எஸ்.டி. குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ஒன்றுக்கு 60 ரூபாய். பணம் பெரிதில்லை, நாள்தான் பெரிது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று இடம் கடந்து வர வேண்டும், ஜூன் மாதத்தில் ஊரே அங்கேதான் நிற்கும், ஜமாபந்தி வேறு வரும். ஏப்ரலில் போட்டால் ஒரு வாரம், ஜூனில் போட்டால் மூன்று வாரம் என்பது என் அனுபவம்.

இங்கே நாங்கள் மாட்டிய இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் அகில இந்திய ஒதுக்கீட்டில் செல்லாது. அங்கே மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ், கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்கள்) இல்லை என்று எழுதியது, வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் வாங்கியதாக இருப்பது நல்லது. வருமான வரம்பு 8 லட்சம், இதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் சம்பளக்காரர்கள் பலர் நமக்குக் கிடையாது என்று விட்டுவிடுகிறார்கள். நீட் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு போட்டீர்களோ அதையே எம்.சி.சி. எடுத்துக்கொள்ளும், பொதுப் பிரிவு என்று தெரியாமல் போட்டுவிட்டால் அங்கே பொதுப் பிரிவுதான். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கான 10 சதவீதமும் எம்.சி.சி.யில் உண்டு, தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டில் கிடையாது.

இன்னொன்று: பிள்ளை இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்த சான்று வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் தலைமையாசிரியர் ஊரில் இருக்கமாட்டார். பள்ளி மூடுவதற்கு முன் வாங்கி வையுங்கள். பெயரில் முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஆனால் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

6. ஒரே விண்ணப்பத்தோடு நிற்காதீர்கள்

இதுதான் எங்களை அடித்த இடம். மார்க் குறைந்த பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். கவுன்சிலிங்கைவிட மற்ற விண்ணப்பங்கள்தான் முக்கியம், அவற்றின் கடைசித் தேதியோ நீட் கவுன்சிலிங் தொடங்கும் முன்பே போய்விடுகிறது.

கால்நடை மருத்துவம் தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களுக்கு பிளஸ் 2 மார்க்கில்தான், 15 சதவீதம் மட்டும் நீட் வழியாக. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வந்து ஜூனிலேயே முடிந்துவிடும். என் மகளுக்கு பிளஸ் 2வில் நல்ல மார்க். அந்த ஜூனில் நான் எம்.பி.பி.எஸ். கனவில் இருந்தேன், அந்தத் தளத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., பெரும்பாலான துணை மருத்துவப் படிப்புகளும் பிளஸ் 2 மார்க்கில்தான், அதே தேர்வுக் குழுதான், விண்ணப்பம் மட்டும் தனி. இயற்கை மருத்துவமும் யோகாவும் சேர்ந்த பி.என்.ஒய்.எஸ். படிப்புக்கும் நீட் வேண்டாம், அரும்பாக்கத்திலும் செங்கல்பட்டிலும் அரசுக் கல்லூரி உண்டு. வேளாண்மைக்கும் பிளஸ் 2தான்.

சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதிக்கு நீட் வேண்டும், ஆனால் எம்.பி.பி.எஸ். விண்ணப்பம் போட்டால் இதுவும் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதி இயக்ககம் தனியாக விண்ணப்பம் வாங்கித் தனிக் கவுன்சிலிங் நடத்துகிறது, பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். முடிகிற நேரத்தில். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி போன்ற அரசு இடங்கள் எம்.பி.பி.எஸ். கிடைக்காத நடு மார்க் பிள்ளைகளுக்கு எட்டக்கூடியவை.

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு தாவும். 2024இல் மாநில எம்.பி.பி.எஸ். விண்ணப்பம் ஜூலை கடைசியில்தான் வந்தது. 2025இல் ஜூன் முதல் வாரத்திலேயே, நீட் ரிசல்ட் வருவதற்கு முன்பே திறந்துவிட்டார்கள், ரிசல்ட் ஜூன் 14இல் வந்தது. போன வருஷம் ஜூலை கடைசி என்று நினைத்து இருந்தால் தவறிவிடும். மே மாதத்திலிருந்து தினம் காலை காபியோடு மேலே சொன்ன அமைப்புகளின் இணையதளங்களைத் திறந்து பாருங்கள், வேறு வழி இல்லை. பேப்பரில் வருவது ஒரு நாள் தாமதம்.

7. பணம்: வருஷக் கட்டணத்தை அல்ல, மொத்தத்தைக் கணக்குப் போடுங்கள்

அரசு மருத்துவக் கல்லூரியில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 20 ஆயிரத்துக்குள்தான். தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு நாங்கள் அலைந்த காலத்தில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஆண்டுக்கு நாலரை லட்சத்தை ஒட்டி, நிர்வாக ஒதுக்கீடு பதின்மூன்றரை லட்சம் அளவில், வெளிநாடு வாழ் இந்தியர் ஒதுக்கீடு அதைப்போல இரண்டு மடங்குக்கும் பக்கம். பி.டி.எஸ். அரசு ஒதுக்கீடு இரண்டரை லட்சம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் சாதாரணம். கட்டணக் குழு மாற்றும், அந்தந்த ஆண்டு ஆணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது கல்விக் கட்டணம் மட்டும். விடுதி, சாப்பாடு, பஸ், புத்தகம், சீருடை, பல்கலைக்கழகப் பதிவு, பி.டி.எஸ். என்றால் கருவிகள் வாங்கும் செலவு எல்லாம் வேறு. நாங்கள் விசாரித்த ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், ஒதுக்கீட்டு ஆணையில் இல்லாத ஒரு தொகையை 'வளர்ச்சி' என்று சொல்லி ரொக்கமாகக் கேட்டார்கள், ரசீது கேட்டதும் பேச்சு மாறியது. எதைக் கட்டினாலும் ரசீது. எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டுப் படிப்பு, அதற்குப் பிறகு ஓராண்டு பயிற்சி. ஐந்து ஆண்டுக்குக் கட்டணம் கேட்கிறார்களா என்று சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

விண்ணப்பச் செலவு: மாநிலத்தில் அரசு ஒதுக்கீட்டுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் தனித்தனி விண்ணப்பம், சில நூறிலிருந்து ஆயிரம் ரூபாய். எம்.சி.சி.யில் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாயும் திரும்பக் கிடைக்கும் 10,000 ரூபாய் வைப்பும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு அதில் பாதி. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று டிக் செய்தால் 5,000 ரூபாயும் 2 லட்சம் வைப்பும். திரும்ப வரும்தான், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் திரும்பும், எனவே இ-சேவை மையக்காரர் கார்டில் கட்டச் சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொன்னவன்தான்.

கல்விக் கடன் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். நாலு லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்பதில்லை. கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை இருந்தால் மேனேஜர் முகம் மலரும், நிர்வாக ஒதுக்கீடு என்றால் பல வங்கிகள் தயங்கும். ஒதுக்கீடு வந்து சேர்வதற்கு நாலைந்து நாள்தான் தருவார்கள், அதற்குள் கடன் வராது. முதல் ஆண்டுப் பணம் கையில் இருக்க வேண்டும்.

8. கவுன்சிலிங்கில் எங்கே கால் வழுக்கும்

சாய்ஸ் ஃபில்லிங்கில் (கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதியும்போது) கிடைக்காது என்று நினைத்து எதையும் விடாதீர்கள், விரும்பும் வரிசையில் மேலிருந்து கீழே எல்லாவற்றையும் போடுங்கள். மேலே நிறையப் போட்டால் கீழே உள்ளது கிடைக்காமல் போகும் என்று ஒருவர் எங்களிடம் சொன்னார், அது சுத்தப் பொய். ஆனால் கட்டணம் கட்ட முடியாத கல்லூரியைப் போடாதீர்கள், கிடைத்துவிட்டால்தான் சிக்கல்.

எம்.சி.சி.யில் முதல் சுற்றில் கிடைத்ததைச் சேராமல் விடலாம், நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போகும். கடைசியாக நடக்கும் மிச்ச இடச் சுற்றில் கிடைத்ததை விட்டால் வைப்புத்தொகையோடு அடுத்த ஆண்டு நீட் எழுதும் உரிமையும் போகலாம். மறுபடி எழுதும் எண்ணம் இருக்கிறவர்கள் சும்மா போட்டுப் பார்ப்போம் என்று அந்தச் சுற்றுக்குப் போகவே கூடாது. மாநிலக் கவுன்சிலிங்கிலும் சேர்ந்துவிட்டுக் கடைசித் தேதிக்குப் பிறகு விலகினால் லட்சக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். கையேட்டில் 'விலகல்' பற்றிய பக்கத்தை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

குறைந்த மார்க்காரர்களுக்கு நல்ல செய்தி கடைசிச் சுற்றுகளில்தான் இருக்கிறது. மேலே உள்ளவர்கள் வேறு இடம் போகப் போக வரிசை நகரும், தனியார் பி.டி.எஸ். இடங்கள் காலியாகவே நிற்பதுண்டு. எங்களுக்கு முதல் சுற்றில் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் இல்லை, அடுத்ததில் கிடைத்தது. அந்த ஆறேழு வாரம் வீட்டில் சோறு இறங்கவில்லை.

9. போன் வரும், எடுக்காதீர்கள்

ரிசல்ட் வந்த அன்று ராத்திரியே உங்கள் நம்பர் எப்படியோ அவர்களுக்குக் கிடைத்துவிடும். 'சார், உங்க பொண்ணுக்கு பாண்டிச்சேரில ஒரு சீட் பிளாக் பண்ணி வச்சிருக்கோம், அட்வான்ஸ் 2 லட்சம் போதும்.' சீட்டை யாரும் பிளாக் பண்ண முடியாது. நிர்வாக ஒதுக்கீடாக இருந்தாலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் கவுன்சிலிங் வழியாக வராத சேர்க்கை செல்லாது. முன்பணம் போனால் போனதுதான்.

10. வெளிநாடு என்று யோசிக்கிறவர்களுக்கு

ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று செலவு குறைவாகத்தான் தெரியும். 2021 நவம்பரில் வந்த விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலத்தில், அதே நாட்டில் 12 மாதப் பயிற்சி, முடித்ததும் அந்த நாட்டில் டாக்டராகப் பதிவு செய்யும் தகுதி, இங்கே டாக்டராக வேலை பார்க்க இவ்வளவும் வேண்டும். திரும்பி வந்து 300 மார்க் தகுதித் தேர்வில் 150 எடுக்க வேண்டும், எழுதுபவர்களில் பெரும்பான்மையோர் ஒரு முயற்சியில் தேறுவதில்லை. பிறகு இங்கேயும் ஒரு பயிற்சி. நீட்டில் 150 எடுத்த பிள்ளையை அனுப்புமுன் இந்தத் தேர்வை எழுத முடியுமா என்று பாருங்கள், ஏஜெண்ட் அதைச் சொல்லமாட்டார்.

11. மறுபடி எழுதலாமா?

உச்ச வயது வரம்பு இல்லை, எத்தனை முறையும் எழுதலாம். அது ஒரு காரணம் ஆகாது. விடைத்தாள் நகலையும் இறுதி விடைக்குறிப்பையும் வைத்துக்கொண்டு பிள்ளையோடு உட்காருங்கள். 180 கேள்வியும் எழுதி 100 சரி, 80 தப்பு என்றால் 400இல் 80 கழிந்து 320. தெரியாத 50ஐத் தொடாமல் விட்டிருந்தால் 370. இந்த மாதிரி இழப்பு என்றால் ஒரு வருஷத்தில் சரிசெய்யலாம். 180இல் 80தான் தெரிந்திருந்தது என்றால் கோச்சிங் மாற்றினாலும் பெரிதாக நகராது என்பது என் அபிப்பிராயம், ஆளுக்கு ஆள் மாறலாம்.

மூன்றாவது முறை வேண்டாம் என்று நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம், அதை அவள்தான் சொன்னாள். முடிவைப் பிள்ளை எடுக்கட்டும். ரிசல்ட் வந்த வாரத்தில் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்தால் தனியாக விடாதீர்கள், 104 என்ற எண்ணிலோ 14416 என்ற எண்ணிலோ எந்த நேரமும் மனநல ஆலோசகர் பேசுவார்கள், காசு கிடையாது. நாங்கள் 2024இல் ஒரு முறை கூப்பிட்டோம். அவள் அரை மணி நேரம் பேசினாள், நான் வாசலில் நின்றேன்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். கல்லூரியில் சேரும்போது மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள், படிப்பு முடியும்வரை தரமாட்டார்கள். அதற்கு முன் எல்லாவற்றையும் கலரில் ஸ்கேன் செய்து வைத்து, ஒவ்வொன்றிலும் பத்து நகல் எடுத்து, கொடுத்தவற்றுக்குக் கல்லூரி முத்திரையோடு பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்கும் வங்கிக் கடனுக்கும் அடுத்த மாதமே அதைத்தான் கேட்பார்கள்.